மாமனார் பிரிண்ட் எடுத்த துக்க மணி

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். கத்தி, விஷம், கடன்பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரும், அதன் முதுகில் நான் செருகிய ஒரு ஒயரும் போதுமானதாக இருந்தன. செத்தவர் என் மனைவியின் பெரியப்பா. (அப்போது அவள் என் மனைவி ஆகியிருக்கவில்லை. ஆகாமலே தப்பித்திருக்க வேண்டியவள்.)

சால்டரிங் அயர்னைச் சுடாத பக்கத்தில் பிடிக்கத் தெரிந்தவுடனே தன்னை விஞ்ஞானி என்று நம்பும் வயது ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அந்த மயக்கம் பாலிடெக்னிக் முடிவதற்குள் இறங்கிவிடும். எனக்கு இறங்கவில்லை. ராயபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். வேலை என்றால், மூடியைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, மூடியை மறுபடி முடுக்கி, "மதர்போர்டுல பிராப்ளம் சார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொல்வது. இந்தத் தகுதியை நம்பித்தான் அடுத்த தெரு ஸ்டெல்லாவைப் பெண் கேட்டுப் போனோம்.

ஸ்டெல்லாவின் அப்பா சூசை மாமா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் பங்குக் கோயிலின், அதாவது எங்கள் பகுதி சர்ச்சின், பேரவைச் செயலாளரும் அவரே. அவர் அகராதியில் உத்தியோகம் என்றால் ஹார்பர், இல்லாவிட்டால் ரயில்வே. ரொம்பக் கெஞ்சினால் கடலுக்குப் போவதையும் சேர்த்துக்கொள்வார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பூட்டர் கடைன்னா இன்னாபா? டிவி ரிப்பேரு மாதிரியா?"

"இல்ல மாமா, அதுக்கும் மேல."

"அப்போ கடை மாடிலயா கீது?"

இதற்கு மேல் என் பெருமையை எப்படி விளக்குவது என்று தெரியாமல் காராசேவைத் தின்றேன்.

இருந்தும் அவர் சம்மதித்தார். காரணம் நான் இல்லை. அவருடைய அண்ணன் ஞானப்பிரகாசம் பெரியப்பா. மனைவி, பிள்ளைகள் இல்லாத மனிதர். தம்பி வீட்டு முன்னறைக் கட்டிலில் மாதக்கணக்காகப் படுத்திருந்தார். சாமியார் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) வந்து அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு அது. எங்கள் பக்கத்தில் அது நடந்துவிட்டால், ஆளை ஊரே பாதி வழியனுப்பிவிட்ட மாதிரிதான். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் வருஷம் திரும்பும் வரை கல்யாணப் பேச்சு கூடாது. எனவே பெரியப்பா முந்துவாரா, தாலி முந்துமா என்று பந்தயம். அந்த அவசரத்தில் கையில் அகப்பட்ட மாப்பிள்ளை நான். பொறுக்கி எடுத்த மாப்பிள்ளை இல்லை, பொறுத்துக்கொண்ட மாப்பிள்ளை.

இந்த அவமானம் என்னை அரித்தது. மாமனார் முன்னால் எதையாவது செய்து காட்டியே ஆக வேண்டும் என்று அலைந்தேன். அப்போதுதான் கோயில் மணி அடிக்கும் லாசர் அண்ணன் வாகாக வந்து மாட்டினார். காலை, நண்பகல், மாலை என்று மூவேளை செபத்துக்கும் கயிறு இழுப்பவர். இழுப்பதைவிட இழுத்ததைப் பற்றிப் புலம்புவதில்தான் அவருக்கு அதிக நேரம் போகும்.

"கயிறு இஸ்து இஸ்து தோளே கழண்டுக்கும் போல கீது தம்பி. ஒரு நாளு கையி மேல போவும், நான் கீழ நிப்பேன்."

"இனிமே நீங்க இழுக்க வேணாம்ணே. கம்ப்யூட்டரே அடிக்கும்" என்றேன்.

பேரவைக் கூட்டத்திலும் இதையே சொன்னேன். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னதால் யாரும் எதிர்க்கவில்லை. சாமியார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். துக்க மணியைக் கையால்தான் அடிக்க வேண்டும். சாவு விஷயத்தை மிஷினிடம் விடக்கூடாது. நான் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன்.

பங்கு அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. குப்பையில் போட மனம் வராத எந்தப் புண்ணியவானோ கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. ஆன் செய்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பாதி விழித்திருக்கும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களின் பின்புறம் அகலமாக ஒரு வாய் இருக்கும், இருபத்தைந்து ஓட்டைகளோடு. பேரலல் போர்ட் என்று பெயர். பிரிண்டரை அதில்தான் செருகுவார்கள். அச்சடிப்பது என்பது, அந்த ஓட்டைகளில் சிலவற்றில் கம்ப்யூட்டர் படுவேகமாக மின்சாரத்தை விட்டு நிறுத்துவதுதான். அந்த விட்டு நிறுத்தும் வேலையை நாமே நாலு வரி புரோகிராம் எழுதிச் செய்தால், பிரிண்டருக்குப் பதில் பல்பு, மோட்டார், எதை வேண்டுமானாலும் ஆட்டிவைக்கலாம். ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் இதற்குப் படம் போட்டிருந்தார்கள். எனக்குப் படம் போதும். கீழே இருக்கும் விளக்கமெல்லாம் சாதாரண ஆட்களுக்கு.

பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி வைப்பர் மோட்டார் பிடித்தேன். அதில் ஒரு சுத்தியலைக் கட்டி மணிக்கூண்டில் ஏற்றினேன். அலுவலகத்திலிருந்து கூண்டு வரைக்கும் டெலிபோன் ஒயர். முதல் சோதனையில் சுத்தியல் உதறி உதறி, எங்கள் கோயில் மணி குல்ஃபி வண்டி மணி போல அடித்தது. உடனே மூளையைக் கசக்கி, நடுவில் ஒரு டைமர் சர்க்யூட் சேர்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து எவ்வளவு கன்னாபின்னாவென்று சிக்னல் வந்தாலும், மணியில் ஓர் அடிதான் விழும். சில விநாடி ஓய்வு. பிறகுதான் அடுத்த அடி. இப்படி ஒரு பாதுகாப்பை வேறு யார் யோசித்திருப்பார்கள் என்று கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டேன்.

படத்தில் இன்னும் ஒன்றிரண்டு ஒயர்களை எர்த்தோடு இணைக்கச் சொல்லியிருந்தது. ஏன் என்று கேட்காமல் இணைத்தேன். ஏன் என்பது பிற்பாடு தெரிந்தது. "நான் தயார், பேப்பர் இருக்கிறது, அனுப்பு" என்று பிரிண்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒயர்கள் அவை. அதாவது எங்கள் கோயில் மணி, தான் ஒரு பிரிண்டர் என்று இருபத்துநாலு மணி நேரமும் கம்ப்யூட்டரிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தது. இருந்ததே ஒரே ஒரு ஓட்டை வாய் என்பதால் உண்மையான பிரிண்டரைக் கழற்றி, அதன் ஒயரை அழகாகச் சுருட்டி மேஜைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. (கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.)

சனிக்கிழமை நண்பகல். கயிற்றைத் தொட யாருமில்லாமல் மணி தானாக அடித்தது, மும்மூன்றாக, அளவெடுத்த மாதிரி. லாசர் அண்ணன் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். சூசை மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்லபா" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அது. ஸ்டெல்லா பிறந்தபோதும் அதைத்தான் சொன்னாராம்.

மறுநாள் ஞாயிறு பூசையில் எங்கள் முதல் ஓலை. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கோயிலில் வாசிப்பார்கள். என் பெயர் மைக்கில் வரப்போகிறது, மாமனார் "பரவால்லபா" சொல்லிவிட்டார். சாதனையைக் கொண்டாட லாசர் அண்ணனை எதிர் டீக்கடைக்கு இழுத்துப் போனேன். இரண்டாவது பஜ்ஜியைக் கடிக்கும்போது கேட்டது.

டங்.

ஒற்றை அடி. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி, டங். துக்க மணி. லாசர் அண்ணன் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "ஆரோ பூட்டாங்கபா, பாவம்" என்றார். மூன்றாவது அடியும் விழுந்தது. அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"டேய், நான் இங்க கீறேன். அங்க அட்ச்சிகினு கீறது ஆருடா?"

நான் பதில் சொல்வதற்குள் டீ மாஸ்டர் முடிவை அறிவித்துவிட்டார். "ஞானப்பிரகாசம் அண்ணன்தான். பூசுதல் குட்த்தாங்கல்ல." அவ்வளவுதான். கடைக்குக் கடை ஷட்டர் பாதி இறங்கியது. யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு முதலில் தோன்றியது, "போச்சு, கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு." பெரியப்பா பாவம் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. துக்க மணியை என் புரோகிராமில் எழுதவே இல்லையே என்பது அதற்கும் பிறகு. எழுந்து ஓடினேன்.

அலுவலகத்தில் சூசை மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரே மகளின் ஓலையைக் கையெழுத்தில் கொடுக்க மனமில்லாமல், ஒற்றை விரலால் தானே டைப் செய்திருக்கிறார். திரும்பாமலே பேசினார்.

"ஆரோ பூட்டாங்க போல. ஆருன்னு பாத்துகினு வா. நான் இந்த பிரிண்ட்ட எட்த்துட்டு வர்றேன். பேஜாரு புட்ச்ச மிசினு, வரவே மாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே இன்னொரு முறை அமுக்கினார். கூண்டில், டங்.

மேஜைக்குப் பின்னால் நான் சுருட்டி வைத்த பிரிண்டர் ஒயர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எத்தினி தடவ அமுக்குனீங்க மாமா?"

"இன்னாபா கேள்வி இது? வர்ற வரிக்கும் அமுக்கறதுதான்."

அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி, முக்கி முனகி, துண்டுதுண்டாக அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்பியதெல்லாம் பிரிண்டருக்குப் போகாமல் கூண்டுக்குப் போனது. எவ்வளவு கன்னாபின்னா சிக்னல் வந்தாலும் நிதானமாக ஓர் அடி, ஓய்வு, மறுபடி ஓர் அடி. என் மகத்தான பாதுகாப்பு ஏற்பாடு, அச்சு வேலையை அசல் துக்க மணியாக வடிகட்டிக் கொடுத்தது. என் பெயரும் ஸ்டெல்லா பெயரும் எழுத்தெழுத்தாகச் செத்துக்கொண்டிருந்தன.

பிளக்கைப் பிடுங்கினேன். மணி நின்றது.

"இன்னாடா பண்ண? டைப் பண்ணதெல்லாம் போச்சா?" என்று மாமா கத்தினார். எதுவும் போகவில்லை என்று நிரூபிப்பதற்காக மறுபடி ஆன் செய்தேன். அன்றைக்கு நான் செய்தவற்றில் உச்சம் இதுதான். கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்தது, ஒழுங்காக அணைக்கவில்லை என்று என்னைத் திட்டியது, பிறகு பாதியில் நின்ற அச்சு வேலைகளையெல்லாம் கடமை தவறாமல் ஞாபகப்படுத்திக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டங். டங். இந்த முறை ஒயரையே பிடுங்கி எறிந்தேன். ஆனால் மணி ஒருமுறை நின்று மறுபடி அடித்ததற்கு ஊர் தன் வழியில் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு சாவு. அண்ணன் போன செய்தி கேட்டுத் தம்பியும் நெஞ்சடைத்துப் போய்விட்டாராம்.

அதற்குத் தோதாக லாசர் அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்து, "சூசை, உங்கண்ணன் பூட்டாருபா!" என்றார். மாமா நாற்காலியோடு சாய்ந்தார். சோடா உடைத்து, முகத்தில் தெளித்து, விசிறி, எழுப்பி உட்கார வைப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று. எழுந்ததும் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, அது சாவு இல்ல மாமா! பிரிண்ட்டு! அது வெறும் பிரிண்ட்டு!"

ஒரு தெரு முழுக்க இதைக் கத்திக்கொண்டு போனேன். துக்கத்தில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வீட்டில் நடந்ததைப் பிறகு பலர் சொல்லிக் கேட்டேன். ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தார்கள். பெரியப்பா, காது மந்தமானவர், வாயைப் பிளந்துகொண்டு மதியத் தூக்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டு ரோசிலி அக்கா காரியக்காரி. மணி கேட்டதும் வந்தாள், பிளந்த வாயைப் பார்த்தாள், ஒரு வெள்ளைத் துணியால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். அதற்கும் அவர் எழவில்லை. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போதுதான் கூச்சம் தாங்காமல் விழித்தார். ரோசிலி அக்கா போட்ட கூச்சலில் தெருவே உள்ளே வந்தது. வாய் கட்டப்பட்டிருந்ததால் அவரால் "நான் சாகவில்லை" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கண்ணை மட்டும் உருட்டியிருக்கிறார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அலறியிருக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேரும்போது பெரியப்பா தாடைக்கட்டை அவிழ்த்துவிட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, வந்த மாலைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் அம்மா உள்ளே நுழைந்தாள். முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்ததால் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலடியில் விழுந்தாள்.

"ஐயோ என் சம்பந்தி! இன்னும் ஒரு மாசம் புட்ச்சிகினு இருக்கக் கூடாதா!"

"புட்ச்சிகினுதாம்மா கீறேன்" என்றார் பெரியப்பா.

அம்மா வாசல் வரைக்கும் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் வாசலில் மூச்சு வாங்கிவிட்டுச் சூசை மாமா உள்ளே வர, அவரும் செத்துப்போனதாக நம்பிய கூட்டம் சிதறி ஓடியது. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயும் பூட்டன்னு சொன்னாங்களேடா?"

"உன்னத்தாண்ணே சொன்னாங்க."

சூசை மாமா அண்ணனைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது பாசத்தில் வந்ததா பயத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் விளக்கினேன். போர்ட், டேட்டா லைன், டைமர் எல்லாம் சொன்னேன். மாலையும் கையுமாக நிற்கும் கூட்டத்துக்குப் பேரலல் போர்ட்டை விளக்கிய ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். ஓர் அத்தை, "ஓல அட்ச்சா சாவு மணி அட்ச்சிக்குது. நல்ல சகுனமாபா இது?" என்றாள். எங்கள் சனத்துக்குச் சகுனமெல்லாம் கிடையாது என்று சாமியார் வாராவாரம் சொல்வார். அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் இருந்தது. சூசை மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கல்யாணம் வாணாம்" என்றார். சரியாக அப்போது ஸ்டெல்லா ஜாக்கெட் பார்சலோடு வாசலில் வந்து நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு நெசமாகவே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பெரியப்பாவுக்கு அவசரமில்லை. அவர் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிப்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, ஆளுயர ரோஜா மாலையோடு வந்திருந்த ஒன்றுவிட்ட தம்பி செபஸ்தியிடம் பார்வை நின்றது. சொத்துத் தகராறில் பல வருஷமாக வாசல்படி மிதிக்காதவர் அவர்.

"படுத்துகினு இருந்தப்ப ஒரு சாத்துக்குடி வாங்கினு வர்ல நீ. இப்ப இம்மாம் பெரிய மாலையா? வெச்சிட்டுப் போ. நல்லாத்தான் கீது."

செபஸ்தி மாலையை வைத்துவிட்டுப் போனார். பெரியப்பா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நான் எப்ப போவேன்னு அல்லாரும் கடியாரத்தப் பாத்துகினு கீறது எனுக்குத் தெரியாதா சூசை? அதுக்குத்தான இந்த அவசரக் கல்யாணம். இன்னிக்கு ஒத்திகை பாத்தாச்சு. ஆரு வர்றான், ஆரு வர்லன்னு நானும் பாத்துட்டேன். கல்யாணம் நடக்கட்டும். நான் மொத பந்தில உக்காந்து துன்னணும்." என்னைப் பார்த்தார். "ஆனா இந்தக் கஸ்மாலம் கல்யாணத்துல ஒரு ஒயரத் தொடக் கூடாது."

அவ்வளவுதான் தீர்ப்பு. மறுநாள் மாமா கையால் எழுதிய ஓலையைச் சாமியார் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது மொத்தக் கோயிலும் அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தது. கல்யாணத்தன்று மண்டபத்தில் கரண்ட் போய், என்ன கோளாறு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தும், மணமேடையிலேயே வியர்வை வழிய உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அது காதல் இல்லை, காவல்.

பெரியப்பா அதற்குப் பிறகு படுக்கவே இல்லை. மாலை போட வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாக நடந்து போய், உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வந்தார். என் அம்மாவை எங்கே பார்த்தாலும், "இன்னாம்மா, இன்னும் புட்ச்சிகினு கீறேன்" என்பார். அம்மா தெருவை மாற்றிப் போவாள்.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் அவர் உண்மையிலேயே இறந்தார். மிஷின் என்றோ கழற்றி எறியப்பட்டிருந்தது. லாசர் அண்ணன் தன் இறங்கிய தோளோடு கயிற்றைப் பிடித்து முறைப்படிதான் அடித்தார். ஒருத்தரும் வரவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். ஷட்டர் இறங்கவில்லை, மீன்காரம்மா பாட்டுக்குக் கூவிக்கொண்டு போனாள். டீ மாஸ்டர் அங்கிருந்தே, "இன்னா நைனா, மறுபடியும் பிரிண்ட்டா?" என்று சிரித்தார். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். "நெசமாவே பூட்டாருங்க" என்று அழுதேன். அழுவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். செபஸ்திக்குப் போன் செய்தேன். "மொதல்ல ஒயரப் புடுங்குடா" என்று வைத்துவிட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. அன்றைக்கு எனக்குத் தாங்க முடியாத வருத்தம். அத்தனை பேரின் அழுகையையும் நான் முன்கூட்டியே செலவழித்துவிட்டேன்.

அதிலிருந்து எங்கள் பங்கில் எனக்கு ஒரு நிரந்தர உத்தியோகம். துக்க மணி அடித்தால் அடுத்த நிமிஷம் என் செல்போன் அடிக்கும். "நைனா, சாவா, பிரிண்ட்டா?" டாக்டர் சொன்னாலும் சாமியார் சொன்னாலும் போதாது, நான் "சாவுதான்" என்று சொன்ன பிறகே மாலை வாங்கப் போகிறார்கள். போன வாரம் அப்படி ஒரு போனைப் பேசி முடித்துவிட்டு, ஸ்டெல்லாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அவள் அரிவாள்மணையில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மணி அடிச்சா, நெசம்னு யாரு சொல்லுவாங்க?"

அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உனுக்கா? ஒருத்தனும் நம்ப மாட்டான். ரெண்டு நாளு வெச்சி பாத்துட்டுதான் எடுப்போம்."